தெருவில் நடந்தது சண்டை அல்ல, சிங்க்

மதிப்பும் பாசமும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், என் மனைவி, உங்கள் மாப்பிள்ளை, முக்கியமாக உங்கள் மகள், நால்வரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் துணைவியாரும் சுகமாக, குறிப்பாக உங்கள் ரத்த அழுத்தம் இறங்கிச் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இன்னும் இறங்கவில்லை என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு, சாய்வான நாற்காலியில் உட்கார்ந்து, மேற்கொண்டு படிக்கவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையைப் பிரிப்பதற்கு முன்பே அது சூடாக இருந்தது. உங்கள் மைத்துனர் செருப்பு வாங்க எங்கள் பக்கம் வந்தபோது தெருமுனையில் கண்ட காட்சியை எழுதியிருந்தீர்கள். உங்கள் மகள் தலையில் ஹெல்மெட்டோடு நடுத்தெருவில் நின்று "நில்லுங்க! நகராதீங்க! நான் சொல்றதை மட்டும் கேளுங்க!" என்று மாமனாரை அதட்டினாள், மாமனார் "நான் ஏன் கேக்கணும்? இங்க நான்தான் தலைவன்!" என்று திருப்பிக் கத்தினார், மாமியார் மொட்டைமாடியிலிருந்து "ஐயோ, யாருமே என்னைக் கேக்க மாட்டேங்கறீங்களே!" என்று புலம்பினார். இதுதானே அவர் சொன்னது? சம்பந்தி, அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நினைவாற்றல் உள்ள மனிதர். ஆனால் அது சண்டை இல்லை. அது வேலை. உங்கள் மகளின் வேலை. அதில் நாங்கள் சம்பளம் இல்லாத ஊழியர்கள். இது தெரியாமல், போன் செய்தாலும் மகள் எடுக்கவில்லை என்ற கோபமும் சேர, நீங்கள் வியாழக்கிழமை வந்து மகளைக் கையோடு அழைத்துப் போவதாக எழுதிவிட்டீர்கள். வரவேண்டாம். ஏன் வரவேண்டாம் என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் மகள் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ரப்பர் நாற்றத்துக்கு நடுவே அவர்கள் செய்வது தீயணைப்பு வீரர்களுக்கான பேசும் கருவி. நம் செல்போன் மாதிரி டவரை நம்பி நிற்பது இல்லை. டவரே எட்டாத பாதாளத்தில்கூட ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேராகப் பேசும். "அதில் என்ன அதிசயம், நான் பஸ் நிலையத்தில் முப்பது வருஷம் மைக்கில் அறிவிப்புச் செய்தவன், மைக் கெட்டுப்போன நாளில் வெறும் தொண்டையாலேயே கடைசி பஸ் வரைக்கும் எட்டவைத்தேன்" என்று நான் சொன்னபோது, அவள் பொறுமையாகச் சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைத்து விளக்கினாள்.

"மாமா, ஒரு இருட்டு ரூம்ல நிறைய பேர் இருக்கோம்னு வச்சுக்கோங்க. எல்லாரும் ஒரே சமயத்துல பேசினா யாருக்காவது புரியுமா? ஆளுக்கு ஒரு முறை வேணும். முறை வேணும்னா எல்லார் கடிகாரமும் ஒண்ணா ஓடணும். இம்மிகூடப் பிசகக் கூடாது. டவர் இருந்தா அது நேரம் சொல்லிடும். டவர் இல்லாத இடத்துல?"

"யாராவது ஒருத்தர் சொல்லணும்" என்றேன்.

"அதேதான்! ஒரு கருவி 'இதுதான் நேரம், இதுதான் நேரம்'னு விடாம துடிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குப் பேர் சிங்க் சிக்னல். பக்கத்துல இருக்கறது அதைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கிட்டு, தள்ளி இருக்கறதுக்கு அதே துடிப்பை வாங்கிக் கொடுக்கும். யார் துடிப்புமே காதுல விழலைன்னா, அது தானே தலைவராகித் துடிக்க ஆரம்பிச்சிடும்."

சிங்க் என்பது என் மனைவி காதில் சிங்கம் என்று விழுந்து, வீட்டுக்குள் எதற்கு அதெல்லாம் என்று அவள் பயந்துபோனது தனிக்கதை. நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ரெண்டு தலைவர் ஆயிட்டா?"

"அங்கதான் மாமா என் தலைவலியே. ரெண்டு கூட்டம், ரெண்டு நேரம். நேருக்கு நேர் நின்னாக்கூட ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு வெறும் இரைச்சல். அதனால ஒரு விதி வச்சிருக்கோம். டவர்கிட்ட நேரம் வாங்கினது பெரியது. அதுகிட்ட வாங்கினது அடுத்தது. தானா முளைச்ச தலைவர் கடைசி. பெரிய துடிப்பு காதுல விழுந்ததும் தானா முளைச்சது பேசாம இறங்கிடணும்."

"தானாவே இறங்கிடுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"இறங்கணும் அத்தை."

"அப்ப இந்த வீட்டு ஆம்பளைங்க மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கருவிமேல் லேசான மனவருத்தம்.

ஆனால் விஷயம் விளையாட்டு இல்லை, சம்பந்தி. இதற்கு முன்னால் ஒரு கிடங்கில் தீயணைப்பு அதிகாரியின் எதிரில் நடந்த சோதனை படுதோல்வி. இரண்டு வாசல் வழியாகப் புகுந்த இரண்டு குழுக்களும் இரண்டு தலைவர்களை உண்டாக்கிக்கொண்டு, கடைசியில் மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரத்தில் நின்றபடி "எங்க இருக்கீங்க? எங்க இருக்கீங்க?" என்று கருவிக்குள் கத்திக்கொண்டிருந்தார்களாம். அதிகாரி பெரிய மீசைக்காரர். அந்த மீசையே சிரித்ததாம். இன்னும் ஒரு வாய்ப்புத் தருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். மேலாளர் உங்கள் மகளைக் கூப்பிட்டு, "இந்தத் தடவையும் சொதப்பினா உன் பிரிவுக்கு ஷட்டர் போட்டுடுவாங்கம்மா, என் நாற்காலியும் சேர்ந்து போயிடும்" என்று சொல்லியிருக்கிறார். கூட வேலை பார்த்த இரண்டு பேரும் இதைக் கேட்டதும் வேறு வேலைக்குத் தாவிவிட்டார்கள். கருவியை எடுத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடக்க ஆள் இல்லை. அவள் ராத்திரிச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், "ஆள் இல்லைன்னு யார் சொன்னது? நான் இருக்கேன், உன் அத்தை இருக்கா, இந்தப் பல் டாக்டரும் சாயங்காலம் சும்மாதான் இருக்கான்" என்று உங்கள் மாப்பிள்ளையையும் சேர்த்து நான்தான் பெயர் கொடுத்தேன்.

உங்கள் மைத்துனர் பார்த்தது இந்த ஒத்திகையை. தீயணைப்பு வீரர்கள் ஹெல்மெட்டோடுதான் பேசுவார்கள் என்பதால் அவளும் ஹெல்மெட் போட்டுப் பார்த்தாள். கருவியில் ஒரு குட்டி விளக்கு உண்டு. இன்னொருவர் நேரத்தைப் பின்பற்றினால் பச்சை. தானே தலைவரானால் ஆரஞ்சு. தெருமுனைக்குப் போனதும் எனக்கு ஆரஞ்சு எரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பச்சை வந்துவிடக்கூடாதே என்று மற்றவர்களை விட்டு விலகி விலகி நடந்தேன். அதற்குத்தான் அவள் "நில்லுங்க" என்றது, நான் "தலைவன்" என்றது. மாடியில் என் மனைவி எல்லோரிடமிருந்தும் அறுந்துபோய் அவள் கருவியும் ஆரஞ்சாகிவிட, யாரும் கேட்கவில்லையே என்று முறையிட்டாள். பிறகு மருமகள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "மாமா, ஆரஞ்சு எரிஞ்சா பெருமை இல்ல. உங்க காதுல யாரும் விழலைன்னு அர்த்தம்." இதை ஒரு பெண் மாமனாரிடம் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம். நானே அனுமதி கொடுத்துவிட்டேன்.

டவர் எட்டாத இடம் தேடி மீன் கடையின் குளிர் அறைக்குள் நான் நுழைந்ததும், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்று "கேக்குதா? என்னைக் கேக்குதா? நான் பச்சையா?" என்று பேசிக்கொண்டிருந்ததும், மீன் கடைக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் மூடிவிட்டு, என் மனைவிக்குப் போன் செய்து "அம்மா, ஐயா மீனுங்ககிட்ட என்னமோ கேக்கறார், வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதும் உண்மைதான். இந்தச் செய்தி இன்னும் உங்கள் ஊருக்கு வரவில்லை என்றால் அது உங்கள் மைத்துனர் மீன் சாப்பிடாததால் மட்டுமே.

இப்படியாகச் சோதனை நாள் வந்தது. பெரிய கடைவளாகம், அதன் கீழே அடுக்கடுக்காக மூன்று தளம் கார் நிறுத்துமிடம். காலை நேரம், கடைகள் திறக்கவில்லை. வாசலில் டவர் எட்டும் இடத்தில் உங்கள் மாப்பிள்ளை ஒரு கருவியோடு நின்றான். அவனிடமிருந்து நேரம் கீழே இறங்கவேண்டும். முதல் தளத்தின் வளைவில் நான். சுற்றிலும் தீயணைப்பு வீரர்கள். மருமகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தாள். அதிகாரியும் மேலாளரும் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்குப் போய் அங்கிருந்து பேசிப்பார்ப்பது என்று ஏற்பாடு. முழங்கால் வலியால் சரிவில் நடக்க முடியாத என் மனைவியும் "நானும் லிஃப்ட்லயே வந்துடறேன்" என்று அவர்களோடு ஏறிக்கொண்டாள். கதவு மூடியது. அவ்வளவுதான், இரண்டாம் தளத்தில் இருந்த மின்சாரப் பெட்டி படாரென்று வெடித்தது. விளக்கெல்லாம் அணைந்தது. கரும்புகை சரிவு வழியாக மேலே வர ஆரம்பித்தது. முதலில் இதுவும் சோதனையில் ஒரு பகுதி என்று நினைத்து நான் கை தட்டினேன். பக்கத்தில் நின்ற வீரர் என்னைப் பார்த்த பார்வையில்தான் புரிந்தது.

வீரர்கள் கெட்டிக்காரர்கள். சிலர் தீயை அணைக்கப் பாய்ந்தார்கள். சிலர் அதிகாரி அடித்தளத்தில் நடந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்து அங்கே தேட ஓடினார்கள். எங்கள் கருவிகள் எல்லாம் பச்சை. ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெளிவாகக் கேட்டது. அதிகாரியின் கருவி மட்டும் பதில் சொல்லவில்லை. மருமகள் தன் கருவியின் திரையைப் பார்த்தபடி புகைக்குள் இரண்டடி போவாள், திரும்புவாள். கடைசியில் என் தளத்து லிஃப்ட் கதவருகே வந்து நின்றாள்.

"மாமா, இங்கதான் பலமா இருக்கு. ஒரு தனித் துடிப்பு. அவங்க இறங்கவே இல்ல. லிஃப்ட்லயே மாட்டிட்டாங்க."

கதவில் காதை வைத்தேன். கீழே எங்கோ இரும்பு கிறீச்சிடும் சத்தம். கதவை நெம்புகிறார்கள்! அதே நேரம் மேலே இயந்திர அறைக்குப் போன வீரர் கருவியில் கேட்டார். "லிஃப்டைக் கையால, புகை இல்லாத கீழ்த் தளத்துக்கு இறக்கப் போறேன். இறக்கட்டுமா?"

"வேண்டாம்! நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க!" என்று அவள் சத்தம் போட்டாள். உள்ளே இருப்பவர்கள் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது லிஃப்ட் நகர்ந்தால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அந்தப் பெட்டிக்குள் என் மனைவி இருந்தாள், சம்பந்தி.

"பேசேம்மா அவங்களோட!"

"பேச முடியலையே மாமா. அது தனி நேரத்துல ஓடுது. பேசறது தெரியுது, என்ன பேசறாங்கன்னு தெரியலை. என் துடிப்பு அதுக்கு எட்டற தூரத்துலதான் இருக்கு. இந்நேரம் அது இறங்கி நம்ம நேரத்துக்கு வந்திருக்கணும். ஏன் வரலை?"

"நாம அதோட நேரத்துக்குப் போயிடலாமே?"

"நம்முது டவர் நேரம். அதை விட்டு இறங்கக் கூடாதுன்னு நான்தான் எழுதி வச்சேன். ரொம்ப ஒழுங்கா எழுதித் தொலைச்சுட்டேன்." அவள் கண்ணில் புகையால் வந்ததா, வேறா, தண்ணீர் வழிந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "மாமா! அவர் பொத்தானை விடவே இல்ல!"

விஷயம் இதுதான். பேசும் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரைக்கும் கருவி பேசுமே தவிர, கேட்காது. விரலை எடுத்தால்தான் அக்கம்பக்கத்தில் வேறு துடிப்பு உண்டா என்று காது கொடுக்கும். அதிகாரியோ லிஃப்ட் நின்றதிலிருந்து பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி "இங்க லிஃப்ட்! இங்க லிஃப்ட்! யாராவது பதில் சொல்லுங்க!" என்று விடாமல் கத்திக்கொண்டிருக்கிறார். பதில் காதுவாசலில் காத்துக்கொண்டு நிற்கிறது. அவர்தான் காதைத் திறக்கவில்லை. நம் குரலே கேட்காத மனிதரிடம் "பேச்சை நிறுத்துங்கள்" என்று எப்படிச் சொல்வது?

"மாமா, கத்துங்க" என்றாள்.

எத்தனை வருஷம் காத்திருந்தேன், இந்தச் சொல்லை ஒருவர் என்னிடம் சொல்ல! கதவிடுக்கில் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! பொத்தானிலிருந்து விரலை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்! பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

என் குரல்தான் எல்லோரையும் காப்பாற்றியது என்று நான் வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு சொல்கூடப் புரியவில்லையாம். இரும்புக் குழிக்குள் எதிரொலித்து வெறும் 'ஓ ஓ ஓ' என்றுதான் போயிருக்கிறது. ஆனால் அந்த இழுவையை என் மனைவிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் அதிகாரியின் முழங்கையைப் பிடித்து, "என் வீட்டுக்காரர் ஏதோ சொல்றார். கொஞ்சம் பேசாம இருங்க, கேக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அந்த மீசையிடம் இப்படி யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. திகைப்பில் அவருடைய விரல் தளர்ந்தது. அந்தச் சின்ன இடைவெளியில் கருவி காது கொடுத்தது, மேலேயிருந்து வந்த பெரிய துடிப்பைக் கேட்டது, தலைமையை விட்டு இறங்கியது. ஆரஞ்சு பச்சையானது. அடுத்த நொடி அந்தப் பெட்டிக்குள் உங்கள் மகளின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல.

"அத்தை, எல்லாரும் கதவை விட்டுத் தள்ளி வாங்க. கை, கால் எதுவும் வெளியில இருக்கக் கூடாது. தள்ளி வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம்மா. மேலாளர் மட்டும் பாதி வெளியில தொங்கறார். இரு, இழுக்கறேன்" என்றது என் மனைவியின் குரல். இழுத்தாள். முழங்கால் வலிக்காரி! "இப்ப எல்லாரும் உள்ள."

"இறக்குங்க!" என்றாள் மருமகள்.

லிஃப்ட் இறங்கியது. கீழே காத்திருந்த வீரர்கள் கதவைத் திறந்து மூன்று பேரையும் கீழ்த் தளத்து அவசர வழியாகவே பத்திரமாக வெளியே கொண்டுவந்தார்கள். தீயும் அணைந்தது. மேலாளரின் கால்சட்டை முழங்காலில் கிழிந்ததைத் தவிர ஒருவருக்கும் கீறல் இல்லை. மீசையெல்லாம் கரியாக வந்த அதிகாரி நேராக மருமகளிடம் போனார். நான் நடுவில் போய் நின்றேன், அதட்டினால் முதலில் என்னைத் தாண்டட்டும் என்று. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் கேட்டார்.

"நான் பேசிக்கிட்டே இருந்ததாலதான் எனக்கு யார் பேசினதும் கேக்கலை. அப்படித்தானேம்மா?"

"ஆமா ஐயா. ஆனா தப்பு என்னுது. ஆபத்துல இருக்கறவங்க பொத்தானை விடமாட்டாங்கன்னு நான் யோசிச்சிருக்கணும். இனிமே அழுத்திப் பிடிச்சிருந்தாலும் நடுநடுவுல அதுவா நிறுத்திக் காது கொடுக்கற மாதிரி மாத்திடறேன்."

"மாத்துங்க. மாத்தி எல்லா நிலையத்துக்கும் கொடுங்க" என்றவர், தொப்பியைக் கழற்றிவிட்டு, "இதையேதான் எங்க வீட்டுல கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிட்டு இருக்காங்க" என்றார். வீரர்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். இந்த முறை நான் கை தட்டியதற்கு யாரும் முறைக்கவில்லை. மேலாளர் கிழிந்த கால்சட்டையோடு உங்கள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் டயர் கடை முதலாளிகூட லட்டுக்குப் பதிலாக இரண்டு புது டயரைக் கம்பெனி வாசலில் உருட்டிவிட்டு வாழ்த்தினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று எல்லாம் முடிந்ததும் அவள் முதலில் செய்தது என்ன தெரியுமா? வாசல் சரிவில் உட்கார்ந்து, கரி படிந்த கையோடு, "அப்பாகிட்டச் சொல்லணும் மாமா" என்று உங்களுக்குப் போன் செய்தாள். நீங்கள் கோபத்தில் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். எடுக்கவில்லை. "வேலையா இருப்பார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, சம்பந்தி. பூமிக்கடியில் நிற்கும்போது அவள் உங்கள் போனை எடுக்கவில்லை என்று எழுதினீர்களே, நீங்கள் எந்தப் பாதாளத்தில் இருந்தீர்கள்? அடுத்த தடவை எடுங்கள். எடுத்ததும் நீங்கள் பேசாதீர்கள். அவள் பேசட்டும்.

ஆகவே வியாழக்கிழமை பயணத்தை ரத்து செய்யவும். உங்கள் மகளை, அதாவது என் மருமகளை, யார் வந்து கூப்பிட்டாலும் இந்த வீட்டிலிருந்து அனுப்புவதாக இல்லை. தீயணைப்புத் துறையே எதிரில் வந்து நின்றாலும் என் பதில் இதுதான். அவளுடைய இடம் இங்கே, அவள் வேலை இங்கே, அவளுக்குப் பக்கத்தில் கருவி பிடிக்கப் பழகிய ஆட்கள் இங்கே. இது என் இறுதி அறிவிப்பு.

உங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். பெரியவர்களுக்கு மரியாதையும் சிறியவர்களுக்கு ஆசியும். உங்கள் மைத்துனருக்குப் புதுச் செருப்பு காலைக் கடிக்காமல் நெடுநாள் உழைக்க என் தனிப்பட்ட வாழ்த்து. எல்லோரும் நோய்நொடியின்றி, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கும்படி வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

உங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மருமகள் துள்ளிக்கொண்டு வந்தாள். உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில்தான் இந்தக் கருவியை முதலில் கொடுத்துப் பயிற்சி தரவேண்டுமாம், பொறுப்பு முழுக்க அவளுக்காம், ஆறு மாதமாம், புதன்கிழமையே கிளம்புகிறாள். உங்கள் வீட்டில்தான் தங்குவாளாம். நான் யோசித்து "சரி" என்றேன். (யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு.) அவளை விட்டு இருக்கமுடியாது என்று என் மனைவி ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டாள். எனக்குச் சமைக்கத் தெரியாது. எனவே நானும் வருகிறேன். மாப்பிள்ளை சனி, ஞாயிறு வருவான். உங்கள் கடைவாய்ப் பல்லையும் பார்ப்பான். மாடி அறையைக் காலி செய்து, கருவிப் பெட்டிகள் வைக்கத் தாழ்வாரத்தையும் ஒழித்துவைக்கவும். பஸ் நிலையத்துக்கு வந்தால் எங்களை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். நான் குரல் கொடுப்பேன்.